நாலு எக்ஸ்பான்ஷன், ஒரே விலை: இலவச ஆன்லைன் கேமில் பண்டில் வாங்கலாமா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு தடவை, அப்புறம் டிசம்பரில் ஒரு தடவை, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழும். ஏதாவது ஓர் இலவச ஆன்லைன் கேமின் கடைப் பக்கமாக இருக்கும். நாலு எக்ஸ்பான்ஷன் (கேமில் பின்னால் சேர்க்கும் புதுப் பகுதி) சேர்த்து ஒரே விலையில் ஒரு பண்டில் (தொகுப்பு), மேலே சிவப்பில் தள்ளுபடி, கீழே "மாமா, இது வொர்த்தா?" என்று ஒரு வரி. அக்கா பிள்ளைகள், சித்தப்பா மகன், அவனுடைய கூட்டாளிகள் என்று கேட்கிற ஆள்தான் மாறுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

கேமே இலவசம் என்கிறார்கள். அப்புறம் எக்ஸ்பான்ஷனுக்கு எதற்குக் காசு?

வாசலைச் சும்மா திறந்துவிட்டு உள்ளே கடை போடுவதுதான் இந்தத் தொழில். ஆனால் உள்ளே என்ன விற்கிறார்கள் என்பது கேமுக்கு கேம் மாறும். அது தெரியாமல் பண்டிலைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சில கேம்களில் கதை, வரைபடம், புதிய கிளாஸ் (கேரக்டரின் வகை) எல்லாமே எக்ஸ்பான்ஷனுக்குள் இருக்கும். அடிப்படை மட்டும் இலவசம். கில்ட் வார்ஸ் 2, டெஸ்டினி 2 இந்த வகை. சில கேம்களில் எக்ஸ்பான்ஷனே இலவசம். பாத் ஆஃப் எக்ஸைலும் வார்ஃப்ரேமும் 2013-இலிருந்து இப்படித்தான் ஓடுகின்றன. அங்கே விற்பது பொருள் வைக்கும் இடம், அலங்காரம், நேரத்தை மிச்சப்படுத்தும் சமாசாரங்கள். அப்படிப்பட்ட கேமில் "பண்டில்" என்று கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் உடுப்பும் கேமுக்குள் செலவழிக்கும் நாணயமும்தான். மூன்றாவதாக, ஹார்த்ஸ்டோன் போன்ற சீட்டு கேம்கள். அங்கே எக்ஸ்பான்ஷன் பண்டில் என்றால் சீட்டுக்கட்டுகளின் குவியல். பிரித்த பிறகுதான் உள்ளே என்ன சீட்டு என்று தெரியும்.

உங்கள் கேம் எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

பண்டில் பக்கத்தில் ஏகப்பட்ட படங்கள். எதை வைத்து விலையை எடை போடுவது?

காகிதம் எடுத்து இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம், நீங்கள் போய் ஆடக்கூடியவை: கதை, இடம், டஞ்சன் (கூட்டாகப் போய் ஆடும் சண்டைக் களம்), கிளாஸ். வலது பக்கம் மற்றதெல்லாம்: உடுப்பு, குதிரைக்குச் சாயம், பட்டப் பெயர், ஜெம் (கேமுக்குள் செலவழிக்கும் நாணயம்), லெவல் பூஸ்ட்.

போன டிசம்பரில் அக்கா மகன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை இப்படிப் பிரித்தோம். எண்பது சிங்கப்பூர் வெள்ளிப் பண்டில். இடது பக்கம் ஒரே ஒரு வரிதான் விழுந்தது, கடைசியாக வந்த எக்ஸ்பான்ஷன். அதையே தனியாக வாங்கினால் முப்பத்தெட்டு வெள்ளி. மீதி நாற்பத்திரண்டும் வலது பக்கம், அதில் அலங்காரத்துக்கான ஓர் ஓநாயும். "அந்த ஓநாய் நல்லா இருக்குல்ல மாமா" என்றான். நல்லாத்தான் இருந்தது. நாற்பத்திரண்டு வெள்ளிக்கு அந்த ஓநாய் மட்டும் வந்தால் வாங்குவாயா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

வலது பக்கத்தில் இருப்பதெல்லாம் குப்பை என்று சொல்ல மாட்டேன். அழகுக்குக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம். அதைத் தனியாக விற்றால் வாங்குவீர்களா என்று மட்டும் யோசியுங்கள். லெவல் பூஸ்ட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு: எண்பது லெவல் ஆடி ரசிக்க வேண்டிய கேமை ஆடாமல் தாண்டுவதற்கு நம்மிடமே காசு வாங்குகிறார்கள்.

சரி, வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

அடுத்த முப்பது நாளில் நீங்கள் உள்ளே நுழையப்போகும் எக்ஸ்பான்ஷனை மட்டும் வாங்குங்கள்.

ஒரு வார்த்தைக்குள் அடங்கவில்லை. ஆனால் இது நான் காசு கொடுத்துக் கற்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கேமில் நாலு எக்ஸ்பான்ஷன் சேர்த்து 84 வெள்ளிக்குப் போட்டிருந்தார்கள். தனித்தனியாக ஒவ்வொன்றும் 28 வெள்ளி, ஆக மொத்தம் 112. கால்வாசி தள்ளுபடி என்று கணக்குப் போட்டு, இரவு ஷிப்டு முடிந்து வந்து, பல்கூடத் தேய்க்காமல் வாங்கினேன். முதல் எக்ஸ்பான்ஷனை முழுசாக முடித்தேன். இரண்டாவதில் பாதி. அதற்குள் வேலையில் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், வீட்டில் குழந்தை பிறந்தது, கேம் அப்படியே நின்றது. ஒன்றரை ஆண்டு கழித்துத் திரும்பிப் போனபோது முதல் இரண்டு எக்ஸ்பான்ஷனையும் எல்லாருக்கும் இலவசமாக்கியிருந்தார்கள். மூன்றாவதும் நாலாவதும் இன்றுவரை என் கணக்கில் பூட்டுப் பிரிக்காத பெட்டி போலக் கிடக்கின்றன.

இரண்டை மட்டும் தனித்தனியாக வாங்கியிருந்தால் 56 வெள்ளியோடு போயிருக்கும். 28 வெள்ளி மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கூடுதலாக 28 வெள்ளி செலவழித்திருக்கிறேன். கணக்கு எங்கே பிசகியது என்று பார்த்தால், தள்ளுபடியை 112-இலிருந்து எண்ணியதில். நான் ஒருநாளும் 112 வெள்ளி கொடுத்திருக்க மாட்டேன்.

இலவசமாக ஆடுகிறேன். இப்போது ஆடவே முடியவில்லை, எங்கே பார்த்தாலும் முட்டுகிறது. அப்போதாவது வாங்கலாமா?

எங்கே முட்டுகிறது என்பதைப் பொறுத்தது. செருப்புக்குள் கல் மாட்டியதற்குப் புதுச் செருப்பு வாங்க வேண்டியதில்லை.

அக்கா மகன் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து என் கணினியில் ஆடிக்கொண்டிருந்தான். ஒரு பெட்டியைத் திறப்பான், பை நிறைந்துவிட்டது என்று செய்தி வரும். இருப்பதில் எதையோ தூக்கிப் போடுவான், அடுத்த பெட்டி, மறுபடியும் அதே செய்தி. பத்து நிமிடத்தில் ஏழு தடவை எண்ணினேன். "அதான் மாமா, பண்டில் வாங்கிட்டா சரியாயிடும்" என்றான். அவன் காட்டிய பண்டிலில் பை பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூடுதல் பை இடம் கடையின் வேறொரு மூலையில் பத்து வெள்ளிக்குள் இருந்தது.

இலவச கேமில் இப்படிப்பட்ட கற்களை வேண்டுமென்றேதான் போட்டு வைக்கிறார்கள். பை சிறியதாக இருக்கும், கேரக்டர் இடம் இரண்டே இரண்டு, சந்தையில் விற்க வரம்பு, அரட்டையில் பேசக் கட்டுப்பாடு. கில்ட் வார்ஸ் 2-இல் இலவசக் கணக்குக்கு இரண்டு கேரக்டர் இடம்தான், மூன்று பை இடம்தான். ஆனால் அங்கே ஏதாவது ஓர் எக்ஸ்பான்ஷன் வாங்கினாலே கணக்கு முழுக் கணக்காக மாறிவிடும், கட்டுகள் அவிழ்ந்துவிடும். அப்படி இருந்தால் மலிவான எக்ஸ்பான்ஷன் ஒன்றே போதும், பண்டில் தேவையில்லை. பாத் ஆஃப் எக்ஸைலில் பொருள் வைக்கும் ஸ்டாஷ் டேப்தான் கல். அதற்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போலத் தள்ளுபடி வரும். காத்திருந்து இரண்டு மூன்று டேப் வாங்கினால் மாதக்கணக்கில் நிம்மதியாக ஆடலாம்.

இன்னொரு விதமாகவும் முட்டும். கதை ஒரு வாசலில் வந்து நிற்கும், உள்ளே போகச் சீட்டு கேட்கும், உங்களுக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும். அப்போது தயங்காமல் அந்த எக்ஸ்பான்ஷனை வாங்குங்கள்.

மொத்தமாக வாங்கி வைத்தால் என்றைக்காவது ஆடலாமே? கெட்டா போகும்?

கெட்டுப் போகும். அரிசி மூட்டை மாதிரி இல்லை இது, மீன் மாதிரி.

முதல் விதம், இலவசமாகிப் போவது. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனில் ஒரு காலத்தில் மோரியா எக்ஸ்பான்ஷனை எல்லாரும் காசு கொடுத்து வாங்கினோம். 2022-இல் அதையும் சேர்த்துப் பழைய உள்ளடக்கத்தில் பெரும்பகுதியை இலவசமாக்கிவிட்டார்கள். புதிதாக வருகிறவன் வாலைப் பிடித்துத் தலைக்கு வரும்வரை ஆட ஏதாவது வேண்டும், ஆகவே பழசைத் திறந்துவிடுவது கம்பெனிக்கும் லாபம்தான். ஆட்டக்காரர் குறைந்து வரும் கேமில் பத்து ஆண்டுப் பழைய எக்ஸ்பான்ஷனுக்குக் காசு கொடுக்க நான் ரொம்ப யோசிப்பேன்.

இரண்டாம் விதம், காணாமல் போவது. டெஸ்டினி 2 2017-இல் விலைக்கு வந்த கேம், 2019 அக்டோபரில் அடிப்படை இலவசமானது. 2020 நவம்பரில் பியாண்ட் லைட் எக்ஸ்பான்ஷன் வந்தபோது, ஆரம்பக் கதையையும் முதல் இரண்டு எக்ஸ்பான்ஷன்களின் கதையையும் செவ்வாய், புதன் கிரகங்கள் போன்ற இடங்களோடு சேர்த்து எடுத்துப் பெட்டகத்தில் பூட்டினார்கள். 2022 பிப்ரவரியில் ஃபோர்சேக்கன் கதையும் போனது. காசு கொடுத்தவர், கொடுக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் போனது. இனிமேல் எக்ஸ்பான்ஷன்களை அப்படி எடுக்க மாட்டோம் என்று பிறகு அந்தக் கம்பெனி அறிவித்தது. ஆனாலும் ஆன்லைன் கேமில் நாம் வாங்குவது உள்ளே போவதற்கு ஓர் அனுமதி மட்டும்தான், வீட்டு அலமாரியில் வைக்கும் தட்டு கிடையாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மூன்றாவது, காலாவதி. ஹார்த்ஸ்டோனில் ஆண்டுக்கு மூன்று எக்ஸ்பான்ஷன். பெரும்பாலோர் ஆடும் ஸ்டாண்டர்டு முறையில் நடப்பு ஆண்டுச் சீட்டும் முந்தைய ஆண்டுச் சீட்டும்தான் செல்லும். ஆண்டின் முதல் எக்ஸ்பான்ஷன் ஏறக்குறைய இரண்டு ஆண்டு செல்லும், ஆண்டுக் கடைசியில் வருவது ஒன்றேகால் ஆண்டுக்குச் சற்று மேல். ஒரே விலையில் விற்றாலும் முன்னதற்கு ஆயுசு கூடுதல். பழைய சீட்டை வைல்டு முறையில் ஆடலாம் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் கூட்டாளிகள் அங்கே ஆடுகிறார்களா?

நாலாவது, கேமே மூடிப் போவது. வைல்டுஸ்டார் 2014-இல் வந்தது, அடுத்த ஆண்டு இலவசமானது, 2018 நவம்பரில் சர்வரை அணைத்தார்கள். இருட்டில் நிற்கும்போது ரசீதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பழைய எக்ஸ்பான்ஷன் வாங்கினாலும் வீணாகாத கேம் ஏதாவது உண்டா?

உண்டு. கில்ட் வார்ஸ் 2-ஐச் சொல்வேன். 2012-இல் உச்ச லெவல் 80, இன்றும் 80 தான். அதனால் புது எக்ஸ்பான்ஷன் வந்தவுடன் பழைய உடுப்பும் ஆயுதமும் செல்லாக்காசாகிவிடுவதில்லை. மாதச் சந்தாவும் கிடையாது. 2017-இல் வந்த பாத் ஆஃப் ஃபயரில்தான் சவாரி மிருகங்கள் அறிமுகமாயின. அதை வாங்கிச் சவாரியைத் திறந்துகொண்டால் அந்த மிருகத்தின் மேல் இலவசப் பகுதி முழுக்கச் சுற்றலாம். பழைய எக்ஸ்பான்ஷன் ஒன்று கேம் முழுவதையும் மாற்றிக் கொடுப்பது அபூர்வம். பழசில் வாங்கத் தகுந்தது இந்த மாதிரிதான்.

ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ்பான்ஷனுக்கும் எக்ஸ்பான்ஷனுக்கும் நடுவில் நடக்கும் கதையை லிவிங் வேர்ல்டு என்று தனியாக விட்டார்கள். வெளியான நேரத்தில் கேமுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு அது சும்மா கிடைத்தது. பின்னால் வந்தவர்கள் காசு கொடுக்க வேண்டும். எக்ஸ்பான்ஷன் பெட்டியை மட்டும் வாங்கி ஆடினால் நடுவில் யாரோ சில அத்தியாயங்களைக் கிழித்துவிட்ட மாதிரி இருக்கும். உங்களுக்குக் கதை முக்கியம் என்றால் பண்டிலில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கதையைத் தள்ளிவிட்டு ஓடுகிற ஆள் என்றால் கவலை வேண்டாம்.

டெஸ்டினி 2-இலும் இதே மாதிரிதான். 2022-இன் விட்ச் குவீனிலிருந்து டஞ்சன்களைச் சாதாரணப் பதிப்பில் சேர்க்காமல் தனிச் சாவியாக விற்க ஆரம்பித்தார்கள். கூட்டாளிகளோடு டஞ்சன் போகத்தான் எக்ஸ்பான்ஷனே வாங்கினேன் என்று உட்கார்ந்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

ஃபைனல் ஃபேன்டஸி 14-ஐயும் இலவசம் என்கிறார்களே?

அது இலவச கேம் இல்லை, இலவச டிரையல். ஆனால் எவ்வளவு பெரிய டிரையல் தெரியுமா? 2023 அக்டோபரிலிருந்து இரண்டு எக்ஸ்பான்ஷன் உட்பட 70 லெவல் வரைக்கும், கால வரம்பே இல்லாமல் ஆடலாம். நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஒரு தடவை காசு கொடுத்து முழு கேமாக மாற்றிவிட்டால் அந்தக் கணக்கு டிரையலுக்குத் திரும்பாது. அதற்குப் பிறகு மாதச் சந்தா இல்லாமல் தொடர்ந்து ஆட முடியாது. தள்ளுபடியைப் பார்த்து 30-ஆவது லெவலில் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பாவம். 70 லெவலைத் தொட்டு, கதை உங்களை இழுக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். புது எக்ஸ்பான்ஷனை வாங்கினால் அதற்கு முந்தைய எக்ஸ்பான்ஷன்களும் அதோடு சேர்ந்தே வரும், ஒவ்வொன்றாகத் தேடி வாங்க வேண்டாம்.

பண்டிலா, ஒரு மாதச் சந்தாவா?

இரண்டும் விற்கிற கேமில் முதலில் சந்தா என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். ஸ்டார் வார்ஸ்: த ஓல்டு ரிபப்ளிக் இதற்கு நல்ல உதாரணம். 2012 நவம்பரில் இலவசமான கேம். ஒரு மாதம் சந்தா கட்டினால் அதுவரை வந்த எக்ஸ்பான்ஷன்கள் எல்லாம் கணக்கில் ஏறும். சந்தாவை நிறுத்திய பிறகும் அவை போகாது. ஒரு மாதச் சந்தா 15 அமெரிக்க வெள்ளி. கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். மறந்துபோய் ஐந்து மாதம் கட்டிய புண்ணியவான் எங்கள் குழுவிலேயே இருக்கிறார், பெயர் வேண்டாம்.

சிங்கப்பூர் வெள்ளியில் கடைசியில் எவ்வளவு ஆகும்?

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் சிங்கப்பூர் வெள்ளியிலேயே விலை இருக்கும், தலைவலி இல்லை. கம்பெனியின் சொந்தக் கடையில் அமெரிக்க வெள்ளியில் போட்டிருந்தால்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 2020-இலிருந்து வெளிநாட்டிலிருந்து வாங்கும் டிஜிட்டல் சேவைக்கும் நாம் பொருள் சேவை வரி கட்டுகிறோம். 2024 ஜனவரியிலிருந்து அது 9 விழுக்காடு. பெரும்பாலான வங்கிகளின் கடன் அட்டையில் வெளிநாட்டு நாணயக் கட்டணம் என்று சுமார் 3 விழுக்காடு வேறு.

பண்டில் 40 அமெரிக்க வெள்ளி, மாற்று விலை 1.30 என்று வைத்துக்கொள்வோம். 52 வெள்ளி. வரி சேர்ந்தால் 56 வெள்ளி 68 காசு. அட்டைக் கட்டணமும் சேர்ந்தால் 58 வெள்ளி 38 காசு. மனசுக்குள் நாற்பது என்று பதிந்தது அறுபதை நெருங்கிவிட்டது. வரி சேர்த்த விலையா சேர்க்காததா என்பது காசு கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும், அதுவரை போய்ப் பாருங்கள். "சிங்கப்பூர் வெள்ளியிலேயே கட்டலாம்" என்று அட்டைப் பக்கத்தில் ஒரு பொத்தான் வந்தால் அங்கே காட்டும் மாற்று விலையை ஒருமுறை சரிபாருங்கள், பெரும்பாலும் அது நமக்குச் சாதகமாக இருக்காது.

ஸ்டீமில் வாங்குவதா, கம்பெனிக் கடையிலா?

கணக்கு எங்கே தொடங்கியதோ அங்கே. விலையைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும், இதில் தவறியவர்கள் நிறையப் பேர். ஃபைனல் ஃபேன்டஸி 14-ஐ ஸ்டீமில் வாங்கியிருந்தால் எக்ஸ்பான்ஷனையும் ஸ்டீமில்தான் வாங்க வேண்டும். கம்பெனிக் கடையில் வாங்கியிருந்தால் ஸ்டீம் தள்ளுபடி உங்களுக்கு ஆகாது. கில்ட் வார்ஸ் 2 2022-இல் ஸ்டீமுக்கு வந்தது, ஆனால் அதற்கு முன் கம்பெனி லான்ச்சரில் தொடங்கிய கணக்கை அதோடு இணைக்க வழியில்லை. பத்து வெள்ளி மலிவு என்று தப்பான கடையில் வாங்கினால், வாங்கியது ஒரு புதுக் கணக்கில் முதல் லெவலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தெரிந்தவர் ஒருவர் பாதி விலைக்கு கீ (கேமைத் திறக்கும் குறியீடு) தருகிறார்.

வேண்டாம். வேறு நாட்டுக்கான கீயாக இருந்தால் இங்கே திறக்காது. திருட்டு அட்டையில் வாங்கியதாக இருந்தால் திறந்த பிறகும் பறிபோகும். மோசடி என்று சந்தேகம் வந்தால் 1799-ஐ அழைக்கலாம்.

பிங் (சர்வருக்குத் தகவல் போய் வரும் நேரம்) அதிகமாக இருக்கிறது. எக்ஸ்பான்ஷன் வாங்கினால் மாறுமா?

மாறாது, ஆனால் நல்ல கேள்வி. பண்டில் பக்கத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள். பாத் ஆஃப் எக்ஸைலுக்குச் சிங்கப்பூரிலேயே சர்வர் வாசல் இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14-க்கு ஜப்பானும், 2022-இலிருந்து ஓசியானியாவும் உண்டு. கில்ட் வார்ஸ் 2-இல் நமக்கு வட அமெரிக்கா அல்லது ஐரோப்பாதான். கடலைத் தாண்டிப் போய் வர இருநூறு மில்லி செகண்டை ஒட்டி ஆகும். உங்கள் வீட்டு ஃபைபர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் தூரம் குறையாது.

ஊர் சுற்றவும் கதை ஆடவும் இது போதும். எதிராளி கை ஓங்கும்போது விலக வேண்டிய உயர்மட்ட ரெய்டில் (பலர் சேர்ந்து ஆடும் கடினமான சண்டையில்) கை பிந்தும். எக்ஸ்பான்ஷன் எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். இலவசப் பகுதியிலேயே உங்கள் வீட்டு இணைப்பில், இரவு ஒன்பது மணிக்கு, கஷ்டமான சண்டை ஒன்றை ஆடிப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு ஆடிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள்.

வாங்கியபின் பிடிக்கவில்லை என்றால் காசு திரும்ப வருமா?

ஸ்டீமில் 14 நாளுக்குள் கேட்க வேண்டும். எக்ஸ்பான்ஷன் வாங்கிய பிறகு மூல கேமை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்க வேண்டும். வாங்கியதற்கு முன் ஆயிரம் மணி நேரம் ஆடியிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் வாங்கியதில் எதையாவது பயன்படுத்திவிட்டால் கதை முடிந்தது. கேரக்டரின் லெவலை நிரந்தரமாக ஏற்றிவிடும் தொகுப்புகள் சிலவற்றுக்குக் காசு திரும்பாது என்று கடைப் பக்கத்திலேயே குறிப்பிட்டிருப்பார்கள். அதனால்தான் லெவல் பூஸ்ட்டை வாங்கிய ராத்திரியே சொடுக்க வேண்டாம் என்று தொண்டைத் தண்ணி வற்றச் சொல்கிறேன்.

கைப்பேசி கேம் என்றால் கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கேட்பது நல்லது. அதைத் தாண்டினால் கேம் தயாரித்தவரிடம் அனுப்பிவிடுவார்கள். நேராகக் கம்பெனிக் கடையில் வாங்கியது அந்தந்தக் கடையின் விதிப்படி. நம் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம்தான், ஆனால் மறுபக்கம் இருப்பது வெளிநாட்டு நிறுவனம். முதல் நாளிலேயே கடையின் படிவத்தை நிரப்புவது அதைவிட விரைவாக வேலை செய்யும்.

கில்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) எல்லாரும் வாங்கிவிட்டார்கள். நான் மட்டும் பாக்கி.

இந்த ஒரு காரணத்துக்காக வாங்குபவரை நான் தடுக்க மாட்டேன். வியாழக்கிழமை இரவு ஐந்து பேர் கூடிச் சிரித்துப் பேசி ஆடுவதற்கு முப்பது வெள்ளி என்பது ஒரு சினிமாவும் சோளப்பொரியும் ஆகும் செலவுதான். ஒரு வாரம் மட்டும் பொறுங்கள். எங்கள் கில்டில் புது எக்ஸ்பான்ஷன் வந்த முதல் வாரம் பதினான்கு பேர் வந்தார்கள், ஆறாவது வாரம் நாலு பேர். அந்த நாலு பேரில் உங்கள் ஆட்கள் இருக்கிறார்களா என்று தெரிந்துகொண்டால் போதும்.

முன்பதிவு செய்தால் தனி ஸ்கின் (அலங்கார உடுப்பு) தருகிறார்களே?

வேண்டாம். டிஜிட்டல் சரக்கு தீர்ந்துபோகாது.

"சேல் இன்றிரவோடு முடிகிறது."

ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் ஸ்டீமில் மறுபடி வரும். எங்கள் குழுவில் பழைய ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தேடிப் பார்த்தேன். ஒரே பண்டில், ஒரே விலை, மூன்று முறை "கடைசி நாள்".

பிள்ளை தீபாவளிக் காசில் வாங்கித் தரச் சொல்கிறான். பெற்றோர் என்ன செய்வது?

அவன் காசு, அவன் வாங்கட்டும். ஆனால் உங்கள் கடன் அட்டையைக் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள். கடையில் விற்கும் பரிசு அட்டையை வாங்கிக் கொடுத்தால் அதில் உள்ள தொகையோடு நிற்கும். கைப்பேசியில் வாங்குவதற்குப் பெற்றோர் அனுமதி கேட்கும் அமைப்பு ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் உண்டு. போட்டு வையுங்கள். அப்புறம், வாங்கும் முன் அந்த இரண்டு பத்திக் காகிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள். அக்கா மகன் இப்போது தானாகவே எழுதுகிறான். ஓநாயை மட்டும் இன்னும் இடது பக்கம்தான் எழுதுகிறான்.

அடுத்த மாதம் தேசிய சேவைக்குப் போகிறேன். போகும் முன் மலிவாக வாங்கி வைக்கவா?

சித்தப்பா மகன் கேட்டது இது. வார இறுதிக்கு மட்டும் வெளியே வருவான், ஞாயிறு இரவு திரும்ப முகாமுக்குப் போக வேண்டும். "சனிக்கிழமை முழுக்க இருக்கே அண்ணே" என்றான். அடிப்படை ராணுவப் பயிற்சி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. தெக்கோங் பயிற்சி முகாமிலிருந்து முதல் தடவை வீட்டுக்கு வந்த சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி வரை தூங்கினானாம். எழுந்து சித்தி வைத்த ஆட்டுக்கறியை மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துவிட்டானாம். கணினியை யாரும் தொடவில்லை.